விட்ட உடம்பைப் பிடிக்கலாம் வாங்க!



மலர்க்குழு அண்ணன் ஒருத்தர் போன மாசம் ரூமுக்கு வந்து, "ஏதாவது டெக்னிக்கலா எழுதிக் கொடுடா தம்பி, கவிதை மட்டும் வேண்டாம், ஏற்கெனவே 27 கவிதை கிடக்கு" என்றார். பம்ப் பற்றி எழுதுகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். சென்ட்ரிஃபியூகல் பம்ப் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாகப் போய்விட்டார். நான் எழுத வந்தது நம் எல்லார் நெஞ்சுக்குள்ளேயும் ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கிற பம்ப்பைப் பற்றி. அண்ணன் மன்னிக்கணும்.

எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோவில் பக்கம். பெரிய கோயில் தெரியும் அளவுக்குக் கிட்ட, பஸ் வராத அளவுக்குத் தள்ளி ஒரு சின்ன ஊர். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். பிளஸ் டூ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கலில் சேர்ந்து சென்னைக்கு வந்தேன். வந்து ஆறு மாதம் கழித்து, இந்த வருஷம் பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனபோது நடந்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

கிளாம்பாக்கத்தில் ராத்திரி பஸ் பிடித்து, விடியும்போது அறந்தாங்கியில் இறங்கி, அங்கிருந்து ஆவுடையார்கோவில் பஸ். வீட்டுக்குப் போனால் அப்பா களத்தில் இருந்தார். கதிர் அறுக்கிற மெஷின் வந்துவிட்டுப் போயிருந்தது. நெல்லைச் சிப்பமாகக் கட்டி டிராக்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிப்பம் 40 கிலோ. போன வருஷம் பிளஸ் டூ படிக்கும்போது இதே களத்தில், இதே சிப்பத்தை நான் சர்வசாதாரணமாகத் தூக்கிப் போட்டிருக்கிறேன். சட்டையைக் கழற்றிவிட்டுப் போய் ஒன்றைத் தோளில் ஏற்றினேன். மூன்றாவது சிப்பத்தில் மூச்சு முட்டியது. ஐந்தாவதில் முழங்கால் மடங்கி, சிப்பத்தோடு களத்தில் உட்கார்ந்தேன். பத்தாவது படிக்கிற என் சித்தப்பா மகன் சிரித்துக்கொண்டே வந்து அதை வாங்கிக்கொண்டு போனான்.

அப்பா சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, "கீழ போடு தம்பி. இதைத் தூக்குறதுக்கா உன்னைய படிக்க வச்சேன்? நெழல்ல ஒக்காந்து பாக்குற வேலைக்குப் போகத்தானே போயிருக்க" என்றார்.

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அது உறைத்தது. எங்கள் மாதிரி வீடுகளில் படிப்பு என்றாலே வெயிலில் இருந்து நிழலுக்குப் போகிற பஸ் டிக்கெட்தான். நான் மூட்டை தூக்க முடியாமல் விழுந்ததே அவருக்கு ஒரு வகையில் பெருமை. பிள்ளை படித்தவனாகிவிட்டான் என்பதற்கு அடையாளம்! 18 வயதில் ஐந்து சிப்பத்துக்குத் தாங்காத உடம்பு 40 வயதில் என்ன ஆகும் என்று அவரிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஹாஸ்டலுக்குத் திரும்பி வந்து லைப்ரரியிலும் போனிலும் தேடிப் படித்தேன். படித்ததையும் பட்டதையும் சொல்கிறேன்.

முதலில், போன உடம்பு எங்கே போச்சு?

ஊரில் நான் உடற்பயிற்சி என்று ஒன்றை ஒரு நாளும் செய்ததில்லை. கண்மாய்க்கரை வழியாக சைக்கிளில் ஸ்கூலுக்குப் போக 5 கிலோமீட்டர், வர 5 கிலோமீட்டர். பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த விலையில்லா சைக்கிள். வந்ததும் அடிபம்பில் எட்டுக் குடம் தண்ணீர். ஆட்டுக்குக் குழை ஒடிக்க மரம் ஏறணும். கண்மாய் நிரம்பினால் குளியல் ஒரு மணி நேரம். மழைக்காலத்தில் வரப்பில் நடப்பதே ஒரு சர்க்கஸ். எல்லாம் வேலை, இல்லையென்றால் விளையாட்டு. உடம்பு அதில் சும்மா கிடைத்த லாபம்.

இங்கே என்ன? ரூமில் இருந்து மெஸ், மெஸ்ஸில் இருந்து கிளாஸ், கிளாஸில் இருந்து ரூம். பிட்டிங் ஷாப்பில் ஃபைல் போடுகிற நாள் மட்டும் கொஞ்சம் வேர்க்கும். மற்றபடி உட்கார்ந்தே இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை எங்காவது போனாலும் பஸ், மெட்ரோ, எஸ்கலேட்டர். போனில் அடி எண்ணுகிற வசதி இருக்கிறதல்லவா, ஒரு வாரம் பார்த்தேன். சராசரி 3,100 அடி. பொங்கல் லீவில் ஊரில் பார்த்தால் ஒன்றும் செய்யாத நாளிலேயே 9,000 தாண்டியது. சாப்பாட்டில் மட்டும் குறை வைக்கவில்லை. எங்கள் ஊர் ஆத்மநாதசுவாமிக்குப் புழுங்கல் அரிசிச் சோறும் கீரையும் பாகற்காயும் படைப்பார்கள். சுடச்சுடச் சோற்றைப் படைகல்லில் கொட்டி, மேலெழும் ஆவிதான் சாமிக்கு நைவேத்தியம். நான் ஹாஸ்டலில் அதற்கு நேர்மாறு. ஆவியை விட்டுவிட்டு மீதி அத்தனையையும் ஏற்றுக்கொண்டேன். போதாததற்கு ராத்திரி பத்து மணிக்குக் கேட்டுக்கு வெளியே பரோட்டா.

இனி அறிவியல். 1966-ல் அமெரிக்காவில் டாலஸ் நகரத்து மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஒரு சோதனை செய்தார்கள். ஆராய்ச்சித் துறையில் மிகப் பிரபலமான சோதனை அது. நம்மை மாதிரி மாணவர்கள் ஐந்து பேர், எல்லாருக்கும் 20 வயதை ஒட்டி. அவர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். நடக்கவே கூடாது. மூன்று வாரம் கழித்து அளந்து பார்த்தார்கள். எதை அளந்தார்கள் என்பது முக்கியம். ஒரு மனிதன் முழு வேகத்தில் இயங்கும்போது அவன் உடம்பு ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்து எரிக்க முடியும் என்ற உச்ச அளவு. எஞ்சினுக்கு ரேட்டட் பவர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 3.3 லிட்டராக இருந்தது 2.4 லிட்டராக இறங்கியிருந்தது. மூன்றே வாரத்தில் கால்வாசிக்கும் மேல் காலி!

பிறகு அதே ஐந்து பேருக்கு எட்டு வாரம் கடுமையான பயிற்சி கொடுத்தார்கள். 2.4 என்பது 3.9 ஆனது. பழைய இடத்துக்கு வந்தது மட்டுமில்லாமல் அதையும் தாண்டிவிட்டது.

கதை இன்னும் முடியவில்லை. 30 வருஷம் கழித்து, 1996-ல், அதே ஐந்து பேரையும் தேடிப்பிடித்துத் திரும்ப அளந்தார்கள். இப்போது எல்லாருக்கும் 50 வயது. சராசரி எடை 77 கிலோவில் இருந்து 100 கிலோ ஆகியிருந்தது. ஆனால் அந்த ஆக்சிஜன் அளவு 2.9 லிட்டர். அதாவது 30 வருஷ வயோதிகம் செய்த சேதத்தைவிட, 20 வயதில் மூன்று வாரம் படுத்துக் கிடந்தது அதிக சேதம் செய்திருந்தது. ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்ததும் 50 வயதிலும் பழைய 3.3-ஐ ஒட்டி வந்துவிட்டார்கள். எடை மட்டும் ஏறக்குறைய அப்படியே இருந்தது என்பது தனிக்கதை. தராசைப் பார்த்து மனசு உடைகிற நண்பர்கள் இதைக் கவனிக்கவும்.

நாம் ஒன்றும் படுத்த படுக்கையாக இல்லையே என்று கேட்கலாம். இல்லைதான். (பரீட்சைக்கு முந்தின ஸ்டடி லீவில் சில பேரைப் பார்த்தால் சந்தேகமாகத்தான் இருக்கிறது.) நன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள் அதை நிறுத்தினால் என்ன ஆகும் என்று 1984-ல் ஒரு ஆய்வு வந்தது. 21 நாளில் 7 சதவீதம் குறைந்தது. 84 நாளில் 16 சதவீதம். முதலில் வேகமாகச் சரிந்து, பிறகு ஒரு மட்டத்தில் நின்றுவிடுகிறது. அதனால் மூன்று வாரப் பரீட்சைக்காலம் போனால் உலகம் முழுகிவிடாது. ஆறு மாதம் போனால் சிப்பத்தோடு உட்காரணும்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது? இங்கேதான் பம்ப் வருகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. இந்த 5 லிட்டரை எப்படித் தள்ளுவது என்பது பம்ப்பின் சாமர்த்தியம். ஒரு துடிப்புக்கு 58 மில்லி என்றால் 86 தடவை துடிக்கணும். ஒரு துடிப்புக்கு 69 மில்லி என்றால் 72 தடவை போதும். உடம்பை உபயோகிக்காமல் விட்டால் முதலில் குறைவது ரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதி. இரண்டு வாரத்துக்குள்ளேயே இது தெரிய ஆரம்பிக்கும். திரும்பி வருகிற ரத்தம் குறைந்தால் அறை முழுசாக நிரம்பாது, ஒரு ஸ்ட்ரோக்குக்குத் தள்ளுகிற அளவு குறையும், ஈடுகட்ட ஆர்.பி.எம். ஏறும். மாடிப்படி ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்வது அதனால்தான். பொங்கல் முடிந்து வந்ததும் காலையில் கண் விழித்தவுடன் படுக்கையிலேயே மணிக்கட்டைப் பிடித்து எண்ணினேன். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கணும். 86 வந்தது. நீங்களும் நாளைக்குக் காலையில் எண்ணிப் பாருங்கள். காசு செலவில்லாத டெஸ்ட்.

இது மூச்சுக் கணக்கு. தசை விவகாரம் வேறு, அதில் நல்ல செய்தி இருக்கிறது. 1991-ல் வந்த ஒரு ஆய்வில் சில பெண்கள் 20 வாரம் எடை தூக்கிப் பழகினார்கள். பிறகு 30 வாரத்துக்கு மேல் அதைத் தொடவே இல்லை. மறுபடி ஆரம்பித்தபோது, 20 வாரத்தில் சம்பாதித்ததை ஆறே வாரத்தில் கிட்டத்தட்டத் திரும்பப் பிடித்துவிட்டார்கள். பழகின தசைக்கு ஞாபகம் இருக்கிறது! அது எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2010-ல் ஒரு விளக்கம் சொன்னார்கள். தசையின் ஒவ்வொரு இழையிலும் பல உட்கருக்கள் உண்டு. வேலை கொடுத்தால் புதிதாகச் சேர்கின்றன. வேலையை நிறுத்தினால் இழை மெலிகிறது, ஆனால் சேர்ந்த உட்கருக்கள் போவதில்லை என்று எலிகளில் காட்டினார்கள். மெஷினை விற்றுவிட்டாலும் பவுண்டேஷன் போல்ட் அப்படியே இருக்கிற மாதிரி. மனிதர்களிலும் இது அப்படியேதானா என்று இன்னும் விவாதம் நடக்கிறது. ஆனால் பழகினவன் சீக்கிரம் திரும்புவான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கிராமத்தில் இருந்து வந்த நண்பர்களே, நம்மிடம் அந்த போல்ட் எல்லாம் நிறைய இருக்கிறது.

மெட்டீரியல்ஸ் பாடத்தில் வொர்க் ஹார்டனிங் படித்திருப்பீர்கள். உலோகத்தைக் குளிர் நிலையில் அடித்து வளைத்து வேலை வாங்கினால் அது கெட்டிப்படும். அளவு மீறினால் விரிசல் விட்டு உடையும். உடம்புக்கும் ஒரு அடி எடுத்துக்கொள்கிற பக்குவம் இருக்கிறது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். உலோகம் அடி வாங்கும்போதே கெட்டிப்படுகிறது. உடம்பு அடி வாங்கும்போது பலவீனமாகி, பிறகு தூங்கும்போதும் சாப்பிடும்போதும்தான் பலமாகிறது. ஓய்வைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது தேய்மானம் மட்டுமே.

இந்த இடத்தில் எங்கள் அப்பாவைப் பற்றிச் சொல்லணும். "கிராமத்து உடம்பு இரும்பு" என்று இங்கே பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது முழுசாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. அப்பாவுக்கு 46 வயது. சொந்த நிலம் கொஞ்சம், மீதி நாள் கூலி வேலை. 60 கிலோ மூட்டையை இன்றைக்கும் தூக்குவார். ஆனால் காலையில் பாயில் இருந்து எழுந்திரிக்க சுவரைப் பிடிக்கணும். இடது முழங்கால் மடங்காது. அவருக்கு ரெஸ்ட் டே என்று ஒன்றை யாரும் கொடுத்ததில்லை. உழைப்பு வேறு, உடற்பயிற்சி வேறு. உழைப்பில் எவ்வளவு எடை, எத்தனை தடவை, எப்போது நிறுத்துவது என்பதை மூட்டையின் சொந்தக்காரன் தீர்மானிக்கிறான். பயிற்சியில் நாம் தீர்மானிக்கிறோம். அப்பா உடம்பு ஓவர்லோடில் தேய்ந்தது. என் உடம்பு லோடே இல்லாமல் துருப்பிடித்தது. அவர் வெயிலை வெறுப்பதில் நியாயம் இருக்கிறது. நிழலில் ஆபத்தே இல்லை என்று நினைப்பதில்தான் கணக்குத் தப்பு.

நிழல் வேலையின் ஆபத்தை முதலில் கண்டுபிடித்தது பஸ்ஸில்தான். லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற டாக்டர் மாடி பஸ் ஓட்டுகிற டிரைவர்களையும் அதே பஸ் கண்டக்டர்களையும் ஒப்பிட்டார். 1953-ல் முடிவு வெளியானது. ஒரே டிப்போ, ஏறக்குறைய ஒரே மாதிரி குடும்பங்கள். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் டிக்கெட் போட நாளைக்கு 500-க்கும் மேல் படி ஏறி இறங்குகிறார். மாரடைப்பு டிரைவர்களுக்குத்தான் அதிகம். கண்டக்டர்களுக்குக் குறைவு, வந்தாலும் வயதான பிறகே வந்தது. நம் நாட்டுக் கணக்கும் ஒன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள சர்க்கரை நோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுக்க எடுத்து 2023-ல் வெளியிட்ட ஆய்வுப்படி, பெரியவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் கிராமத்தில் 8.9 சதவீதம், நகரத்தில் 16.4 சதவீதம். பட்டணத்துக்கு வந்தவன் சம்பளத்தோடு சேர்த்து வாங்குகிற இன்னொன்று இது. நம்மில் பாதிப் பேர் டிப்ளமா முடித்ததும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் என்று கம்பெனிக்குத்தான் போகப்போகிறோம். லைனில் எட்டு மணி நேரம் நிற்கிற வேலையாக இருந்தாலும் சரி, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து டிராயிங் போடுகிற வேலையாக இருந்தாலும் சரி, உடம்பை இப்போதே தயார் பண்ணிக்கொள்வது நல்லது.

சரி, திரும்பப் பிடிக்க நான் என்ன செய்தேன்? முதலில் முட்டாள்தனம் செய்தேன்.

எங்கள் ரூமில் போலீஸ் தேர்வுக்குத் தயார் பண்ணுகிற நண்பர் ஒருவர் இருக்கிறார். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடணும். பொங்கல் முடிந்து வந்த மறுநாளே ஆவேசத்தில் அவரோடு கிரவுண்டில் இறங்கினேன். சிவில் நண்பர் ஒருவர் டேப் போட்டு அளந்து கொடுத்தபடி நம் கிரவுண்டு ஒரு சுற்று 300 மீட்டர். ஐந்து சுற்று என்றால் 1500. ஒரு சுற்றுக்கு 84 விநாடி. முதல் சுற்றை 70 விநாடியில் பறந்தேன். மூன்றாவது சுற்றில் நடந்தேன். முடித்தபோது 8 நிமிடம் 50 விநாடி. அதோடு விட்டேனா, ரோஷத்தில் 60 தண்டால், 100 பைட்டக். அடுத்த மூன்று நாள் ஹாஸ்டல் படியைப் பின்பக்கமாக இறங்கினேன். பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அந்த வலியை லாக்டிக் ஆசிட் என்று எல்லாரும் சொல்கிறோம். அது தப்பு. லாக்டிக் ஆசிட் ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் இருந்து போய்விடும். மறுநாளும் அதற்கு மறுநாளும் உச்சத்துக்கு வருகிற வலி, பழக்கமில்லாத தசை இழைகளில் ஏற்படுகிற நுண்ணிய சேதத்தால் வருவது. அளவோடு இருந்தால் தானே சரியாகும். ஆனால் ஒன்றை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ரொம்ப நாள் கழித்து ஒரேயடியாகப் பயிற்சி செய்தபின் தசை தாங்க முடியாத அளவு வீங்கி வலித்து, சிறுநீர் கறுப்புக் காபி நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும். சிதைந்த தசை சிறுநீரகத்தை அடைக்கிற அறிகுறி அது. அதேபோல் ஓடும்போது நெஞ்சு வலி, மயக்கம் வந்தாலும் டாக்டரைப் பார்த்த பிறகுதான் மறுபடி கிரவுண்டு.

மூன்று நாள் கழித்து, அவமானம் ஆறியதும், முறையாக ஆரம்பித்தேன். விடியற்காலை ஐந்தரை மணி. ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, இப்படி 20 நிமிடம். ஓடும்போது பக்கத்தில் ஓடுகிறவனோடு முழு வாக்கியம் பேச முடியணும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம். கேட்கச் சுலபமாக இருக்கிறது, செய்யும்போது ரோஷம் விடாது. ஏன் மெதுவாக என்றால், மூச்சும் தசையும் சில வாரத்தில் தேறிவிடும். எலும்போடு தசையைக் கட்டுகிற நாண்கள் தேற அதைவிட அதிக நாள் ஆகும். எஞ்சின் ரெடி, சேஸிஸ் ரெடி இல்லை. இரண்டாவது வாரம் தெம்பாகி இரண்டு மடங்கு ஓடுகிறவர்களுக்குத்தான் கணுக்கால், முழந்தாள் எல்லாம் பிடித்துக்கொள்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் ஓட்டம், இரண்டு நாள் தண்டால், பைட்டக், புல் அப்ஸ். மற்ற நாளில் நடை மட்டும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பெரியவர்களுக்குச் சொன்ன கணக்கும் கிட்டத்தட்ட இதுதான். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வேலை. ஐந்தாவது வாரத்தில் இருந்துதான் ஒரு சுற்றை 84 விநாடியில் ஓடுவது, இரண்டு நிமிடம் நடப்பது, மறுபடி ஒரு சுற்று என்று கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஜிம் பற்றிக் கேட்பீர்கள். மாசம் ஆயிரம் கட்ட வசதி இருக்கிறவர்கள் தாராளமாகப் போகலாம். எனக்கு அந்த ஆயிரம் வேறு செலவுக்கு வேண்டும். பவுடர் டப்பாவையும் நான் தொடவில்லை. மெஸ்ஸில் முட்டை போடுகிற நாளில் அதை விடுவதில்லை. மற்ற நாளில் ஊறவைத்த கொண்டைக்கடலை, வேர்க்கடலை. ராத்திரிப் பரோட்டாவை வாரத்துக்கு ஒரு தடவையாக்கினேன். முழுசாக நிறுத்தினேன் என்று சொன்னால் ரூம்மேட் இந்த மலரைப் படித்துவிட்டுச் சிரிப்பான். உண்மையில் எனக்கு அதிகம் உதவியது தூக்கம். போனைத் தலைமாட்டில் வைக்காமல் அலமாரியில் வைத்தேன், ஒரு மணி நேரம் மிச்சம்.

நடுவில் சலித்துப்போன நாளும் உண்டு. அப்போது இரண்டு பேரை நினைத்துக்கொள்வேன். ஒருவர் எங்கள் மாவட்டத்து கோ.லட்சுமணன். புதுக்கோட்டை கவிநாட்டில் ஓடிப் பழகியவர். 2017-ல் புவனேஸ்வரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 5000 மீட்டர், 10000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வாங்கினார். இன்னொருவர் எங்கள் அப்பத்தா. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது கலெக்டர். எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். அப்பத்தாவுக்கு அப்போது முப்பதைத் தாண்டியிருந்தது. புருஷன், மாமியார், தெரு எல்லாம் சிரிக்கச் சிரிக்க விழுந்து விழுந்து பழகினதாம். எழுத்து பாதியில் நின்றுபோனது, சைக்கிள் நிற்கவில்லை. போன வருஷம் வரைக்கும் ஆவுடையார்கோவில் சந்தைக்கு அதில்தான் போய் வந்தது. போனில் என் ஓட்டக் கதையைச் சொன்னபோது, "விழுந்தா எந்திரிச்சு ஏறு, அதுக்கு எதுக்குடா பொஸ்தகம்" என்றது.

மார்ச்சில் நாலு நாள் லீவு சேர்ந்து வந்தது. எட்டு வாரம் ஆகியிருந்தது. காலை நாடி 86-ல் இருந்து 74 ஆகியிருந்தது. ஊருக்குப் போய் 1500 மீட்டர் ஓடிப் பார்க்க ஆசை, ஆனால் கண்மாய்க்கரையில் கிரவுண்டு ஏது? என் பழைய சைக்கிளை எடுத்தேன். சக்கரத்தின் குறுக்களவு 66 செ.மீ. பையால் பெருக்கினால் ஒரு சுற்று 2 மீட்டர் 7 செ.மீ. ஸ்போக்கில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளியபடி 725 சுற்று எண்ணினேன். மடையில் இருந்து அய்யனார் கோயில் தாண்டி ஒரு பனைமரம் வரைக்கும் வந்தது.

மறுநாள் விடியக்காலையில் கிளம்பும்போது அப்பாவும் எழுந்து பின்னாலேயே வந்தார். "யாரு வெரட்டுறான்னு இப்புடி ஓடப் போற?" என்று கேட்டார். களத்தில் விழுந்ததைச் சொன்னேன். டாலஸ் கதையைச் சொன்னேன். டிரைவர், கண்டக்டர் கதையைச் சொன்னேன். அதற்கு மட்டும் தலையாட்டினார். நிழலில் வேலை பார்க்கிறவனுக்கு இதுதான் களத்து வேலை என்று சொல்லிப் பார்த்தேன். பதில் இல்லை. போனை அவர் கையில் கொடுத்து எந்தப் பட்டனை எப்போது அமுக்கணும் என்று காட்டிவிட்டு, அவரைச் சைக்கிளில் பனைமரத்துக்கு அனுப்பினேன். அங்கிருந்து துண்டைத் தூக்கி ஆட்டியதும் ஓடினேன்.

பனைமரத்தடியில் நான் குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கும்போது, அவர் போனைத் தூரமாகப் பிடித்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். 7 நிமிடம் 12 விநாடி. இன்னும் 12 விநாடி பாக்கி.

"இது நல்லதா கெட்டதா?" என்றார்.

"கொஞ்சம் பாக்கி இருக்குப்பா."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினார். "அப்ப நாளைக்கும் வரணுமா? வெள்ளனயே எழுப்பு, மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்றார்.